சொனோரன் நீலன் வண்ணத்துப்பூச்சி: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பாறைவழி:
கலிஃபோர்னியா, சான் கேப்ரியல் பள்ளத்தாக்கு, பிப்ரவரி கடைசி, நல்ல வெயில். பறக்கும்போது வெறும் வெள்ளி நீலம். கல்லில் உட்கார்ந்து இறகை விரித்ததும் முன்னிறகில் குங்குமம் வைத்தாற்போல் செம்மஞ்சள் திட்டு. பின்னிறகிலும் அதே நிறம், ஆகவே பெண். இறகை மூடியதும் முன்னிறகு பின்னிறகுக்குள் இறங்கி, திட்டு பாதி மறைந்துபோனது.

ஓடைமணல்:
அந்தத் திட்டு தெரியும்படி ஒரு படமாவது வேண்டும். ஆக்மன் நீலன் என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியிலும் செம்மஞ்சள் உண்டு, ஆனால் பின்னிறகின் ஓரத்தில் பட்டையாக. அவசரத்தில் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லாத பூச்சி, துரத்தினால் கிடைக்காது. ஆண்கள், இதன் புழு தின்னும் சதைப்பற்றுச் செடியான டட்லியா முளைத்த பாறையோரமாகவே போய்ப்போய்த் திரும்பும். அங்கேயே நில்லுங்கள், உங்கள் நிழல் மட்டும் அதன்மேல் விழக்கூடாது.

சரிவு:
டட்லியா இருந்தால் நீலன் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். செடி நிறைய இருந்தும் பூச்சியே இல்லாத சரிவுகள் உண்டு. வருடத்துக்கு ஒரே தலைமுறை, பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அதற்குப் பின் போனால் இலையைத்தான் பார்க்க வேண்டும். அடியிலை காய்ந்திருப்பதைப் புழு தின்றதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கோடையில் டட்லியா தானாகவே அப்படிக் காயும். புழு சதைப்பற்றுள்ள இலைக்குள் துளைத்துப் போகும். துளையும் துளைவாயில் புழுவின் எச்சமும் இருந்தால்தான் கணக்கு.

தொட்டிச்செடி:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நீலன் வரட்டும் என்று வீட்டில் டட்லியா வைப்பவர்கள் அதைச் சமதளத்தில் நேராக நட்டுவிடுகிறார்கள். இயற்கையில் பாறை இடுக்கிலிருந்து சாய்ந்து நிற்கும் செடி அது. நேராக வைத்தால் இலையடுக்கின் நடுவில் தண்ணீர் தேங்கிக் குருத்து அழுகும். சாய்த்து நடுங்கள். மண்ணில் சரளைக்கல் தாராளமாக இருக்கட்டும். கோடையில் தண்ணீரைக் குறையுங்கள். அது உறங்கும் காலம், அப்போது ஊற்றினால் வேர் போய்விடும். இலையில் பூத்த வெள்ளை மாவைத் தடவிப் பார்க்காதீர்கள், அது வெயிலுக்கான காப்பு, போன இடத்தில் திரும்ப வராது. பூச்சிமருந்து அறவே கூடாது, உள்ளே இருக்கும் புழுவும் சாகும்.

சரிவு:
செடியை நர்சரியில் விதையிலிருந்து வளர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள். பாறையிலிருந்து பிடுங்கி விற்பது பெருகியதால்தான் 2021-இல் கலிஃபோர்னியா தனிச்சட்டமே போட்டது. பிடுங்கிய செடியின் இலைக்குள் புழு இருந்தால் அதுவும் சேர்ந்தே போகிறது.