மறு: ஏடிஎஃப் — தமிழில் என்ன பெயர்? பழைய வண்டியில் மாற்றலாமா?

[கக்கதாசபுரத்திலிருந்து]

குழுவினருக்கு வணக்கம். கார் பராமரிப்புக் குறிப்புகளில் கியர்பெட்டிப் பகுதிக்கு வந்து நின்றுவிட்டேன். ஆட்டோமேட்டிக் வண்டிகளின் கியர்பெட்டியில் ஊற்றும் ஏடிஎஃப்புக்கு (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) நல்ல தமிழ்ச்சொல் வேண்டும். ‘கியர் எண்ணெய்’ என்று எழுதி, அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்று எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

கேள்வியில் கொஞ்சம் சுயநலமும் உண்டு. என்னுடையது 2011 மாடல் செடான், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், 1,28,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அந்த ஆயிலை யாரும் தொட்டதில்லை. சர்வீஸ் சென்டரில் “லைஃப்டைம் ஆயில் சார்” என்றார்கள். ஒரு மெக்கானிக் உடனே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர், “இத்தனை வருஷம் தொடல, இப்ப தொட்டா இருக்கிறதும் போயிடும்” என்கிறார். தினமும் பெங்களூரின் சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் போய் வருகிறேன். வீட்டில், “முதல்ல வண்டிய கவனிங்க, அப்புறம் சொல்ல கவனிக்கலாம்” என்று உத்தரவு.

[ஜாலஹள்ளியிலிருந்து]

தம்பி, ‘தானியங்கிச் செலுத்தப் பாய்மம்’. பாய்மம் என்பது இயற்பியலில் நிலைத்துவிட்ட சொல். ‘எண்ணெய்’ வேண்டாம், எள்+நெய் என்று அதன் பிறப்பே வேறு. சொல் நீளம் என்பார்கள். மூலச்சொல் மட்டும் குட்டையா என்ன? உங்கள் வண்டி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் பேருந்தில் போகிறவன்.

[வில்சன் கார்டனிலிருந்து]

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘தானியங்கிச் செலுத்தப் பாய்மம்’ பிழையில்லாத சொல்தான். ஆனால் அந்தத் திரவம் உள்ளே என்ன வேலை செய்கிறது என்று அது சொல்லவில்லையே. இருபத்திரண்டு வருஷம் பட்டறையில் கையில் ஊற்றிப் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இன்ஜின் ஆயிலுக்கு முதல் வேலை வழுவழுப்பு. ஏடிஎஃப் அப்படியில்லை. இன்ஜின் சுழற்சியைச் சக்கரப் பக்கம் தள்ளுவதே, இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே உள்ள டார்க் கன்வெர்ட்டருக்குள் சுழலும் இந்தத் திரவம்தான். வால்வு பாடியின் சின்னச் சின்ன வழிகளில் அழுத்தமாகப் போய் கியரை மாற்றுவதும் இதுதான். சூட்டைக் கூலருக்குச் சுமந்து போவதும் இதுவே. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளட்ச் தட்டுகள் இந்தத் திரவத்திலேயே ஊறிக் கிடந்துகொண்டு ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். பல்சக்கரத்துக்கு வழுக்க வேண்டும், தட்டுக்கு வழுக்கக் கூடாது. ஒரே திரவம். சாதாரண கியர் ஆயிலை இதில் ஊற்றினால் பெட்டி பாழாவது அதனால்தான். தம்பி ‘கியர் எண்ணெய்’ என்று எழுதி அடித்தது சரி.

அந்தப் பிடிப்பை ஒழுங்காக வைத்திருக்க, அமெரிக்காவில் 1970களின் தொடக்கம் வரை எண்ணெய்த் திமிங்கிலத்தின் நெய்யைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். திமிங்கில வேட்டைப் பொருள்களுக்குத் தடை வந்தபின்தான் செயற்கைச் சேர்மானத்துக்கு முழுதாக மாறினார்கள். ஆகவே என் சொல் ‘பிடிநெய்’. ‘பற்றுநெய்’ என்றும் யோசித்தேன், பற்று-வரவுக் கணக்கு மாதிரி ஒலிக்கிறது.

இப்போது மாற்றலாமா வேண்டாமா. இங்கேதான் சொல் நிஜமாகவே காலை வாருகிறது. ‘ஆயில் மாத்துறது’ என்ற ஒரே பேச்சுக்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது.

ஒன்று, கீழே உள்ள போல்ட்டைக் கழற்றி வடிய விட்டு, வடிந்த அளவுக்குப் புதிதை ஊற்றுவது. கஞ்சி வடிக்கிற மாதிரி. ஆனால் சோற்றில் கஞ்சி நிற்பதுபோல டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் பாதிக்கு மேல் பழசு நின்றுவிடும். ஒரு தடவைக்கு 40 சதவீதம் மாறுகிறது என்று வையுங்கள். இரண்டாம் தடவைக்குப் பின் 64, மூன்றாவதில் 78 சதவீதம் புதிது. இதை ‘வடித்தூற்றல்’ என்கிறேன். மற்றது, கூலர் குழாயில் மெஷினைக் கோத்து, மொத்தப் பழசையும் ஒரே மூச்சில் தள்ளி வெளியேற்றுவது. சில இடங்களில் கரைப்பானும் சேர்ப்பார்கள். இது ‘அலசல்’.

“தொட்டா போயிடும்” என்ற பயம் பெரும்பாலும் அலசலில் பிறந்தது. வருஷக்கணக்கில் படிந்த கசடு ஒரே நாளில் கிளம்பி வால்வு பாடியின் ஊசித் துளைகளில் போய் உட்கார்ந்தால் சிக்கல்தான். இன்னொரு காரணமும் உண்டு. வண்டி ஏற்கெனவே வழுக்க ஆரம்பித்த பிறகுதான் பலர் ஆயிலை நினைக்கிறார்கள். தட்டு தேய்ந்து, தேய்ந்த துகள் பழைய ஆயிலில் மிதந்துகொண்டு மீதிப் பிடிப்பைத் தாங்கிக்கொண்டிருக்கும் என்பது பட்டறைப் பேச்சு. புதிதை ஊற்றியதும் உள்ளபடி தெரிந்துவிடும். சாகக் கிடந்தவனுக்குக் கடைசியாகப் பால் ஊற்றியவன் மேல் பழி விழுகிற கதை.

தம்பி முதலில் வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். புதிதில் ரோஜா சர்பத் நிறம். ஒழுக்கு எங்கிருந்து என்று கண்டுபிடிக்கவே அந்தச் சிவப்புச் சாயம். டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தால் அதை மட்டும் வைத்து பயப்பட வேண்டாம். தீய்ந்த வாசனை அடிக்கிறதா, கறுப்புத் துணுக்கு தெரிகிறதா, டி-யில் (டிரைவ்) போட்டதும் தாமதித்து இழுக்கிறதா, இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாமல் இருக்கிறதா? இவை இருந்தால் ஆயிலுக்குக் காசு செலவழிக்காதீர்கள், பெட்டியைப் பிரிக்கத் தயாராகுங்கள். இல்லையென்றால் வடித்தூற்றல், ஆயிரம் இரண்டாயிரம் கி.மீ. இடைவெளியில் மூன்று முறை. அலசல் வேண்டாம். கையேட்டில் எழுதிய அதே வகை ஆயில்தான் ஊற்ற வேண்டும். அளவு பார்ப்பதும் கையேடு சொல்லும் சூட்டில். குளிர்ந்த வண்டியில் குத்துமதிப்பாக ஊற்றிவிட்டு வரக் கூடாது.

‘லைஃப்டைம்’ என்பதை மட்டும் ‘ஆயுள் முழுதும்’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். யாருடைய ஆயுள்? பெட்டி செய்கிற ஜெட்.எஃப். நிறுவனமே தன் தானியங்கிப் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது எட்டு ஆண்டு என்கிறது. அதே பெட்டியைப் பொருத்தி விற்கும் கார்க்காரர்கள் ‘லைஃப்டைம்’ என்கிறார்கள்.

[ஜாலஹள்ளியிலிருந்து]

சங்கத் தமிழில் ‘பிடி’ பெண்யானை. பிடிநெய் என்றால் யானை நெய் என்று வாசிப்பான் என் மாணவன்.

[வில்சன் கார்டனிலிருந்து]

திமிங்கில நெய்யே ஊற்றியிருக்கிறார்கள், ஐயா. யானை என்ன பாவம் செய்தது?

[ஜே.சி. ரோட்டிலிருந்து]

அண்ணா, எங்கள் உதிரிபாகக் கடை கவுண்டரில் உட்காருகிறவள் சொல்கிறேன். பெயரில் ‘தானியங்கி’ மட்டும் வேண்டவே வேண்டாம். “ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஆயில் குடும்மா” என்றுதான் வருகிறார்கள். எந்த ஆட்டோமேட்டிக் என்று நான் கேட்டால் முறைக்கிறார்கள். 2014-இல் மாருதி செலேரியோ காரோடு பரவிய ஏஎம்டி, கிளட்ச் மிதியில்லாத மேனுவல் பெட்டிதான். பல்சக்கரங்களுக்குச் சாதாரண கியர் ஆயில். சிவிடி என்பது பல்சக்கரத்துக்குப் பதில் பட்டையும் கப்பியும் வைத்த இன்னொரு வகைப் பெட்டி, அதில் இரும்புப் பட்டை கப்பியைப் பிடிக்க வேண்டும். அதற்குத் தனி ஆயில், ஏடிஎஃப் ஊற்றினால் பட்டை வழுக்கிக் கெட்டுவிடும். மூன்றுக்கும் ‘தானியங்கிப் பாய்மம்’ என்று கையேட்டில் போட்டால் எங்களுக்கு வியாபாரம், மெக்கானிக்குக் கொண்டாட்டம்.

பிடிநெய் பிடித்திருக்கிறது. எது எதைப் பிடிக்கிறது என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாமே? ஏடிஎஃப் ‘தட்டுப் பிடிநெய்’, சிவிடி ஆயில் ‘பட்டைப் பிடிநெய்’. ஏஎம்டி-க்குக் கியர் எண்ணெய் என்றே இருக்கட்டும். டப்பாவில் என்ன எழுத்து அச்சடித்திருக்கிறதோ அதையும் கூடவே எழுதுங்கள். கடையில் ‘பிடிநெய்’ கேட்டால் என் தம்பி நெய் டின்னை எடுத்துவந்து கொடுப்பான்.

[ஜாலஹள்ளியிலிருந்து]

அம்மா சொல்வதில் பொருள் இருக்கிறது. தட்டுப் பிடிநெய், பட்டைப் பிடிநெய் இரண்டையும் ஏற்கிறேன். பொதுப்பெயராகப் பாய்மம் என் கட்டுரைகளில் தொடரும்.

[கக்கதாசபுரத்திலிருந்து]

சொட்டு சோதனை பார்த்தேன். டிகாஷன்தான், ஆனால் தீய்ந்த வாசனை இல்லை, வழுக்கலும் இல்லை. சனிக்கிழமை முதல் வடித்தூற்றல் நடந்தது. அளவுக் குடுவையில் 2.8 லிட்டர் வடிந்தது, அதே அளவு ஊற்றினோம். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் ஈரத் திருநீறு குழைத்த மாதிரி சாம்பல் பசை. விரலில் தேய்த்தால் நெருடவில்லை. அது வழக்கமான தேய்மானம்தான், சில்லு இருந்தால்தான் கவலை என்றார் மெக்கானிக். அடுத்த முறை 1,30,000-இல்.

“தொடாதீங்க” என்று சொன்ன அதே மெக்கானிக்கிடம்தான் போனேன். மெஷின் வேண்டாம், வடித்தூற்றல் போதும் என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். “ஓ, வடிச்சு ஊத்துறதா? அதச் செய்யலாம் சார். நீங்க மாத்தணும்னுதானே கேட்டீங்க?”