மறு: ‘சைசிங்’ – பசையிடலா, கஞ்சியேற்றமா?

> ஓரிகாமி (தாள் மடிப்புக் கலை) செய்முறையில் வரும் ‘சைசிங்’ (sizing, தாளில் கரைசல் ஏற்றிப் பதப்படுத்துவது) என்பதற்குத் தமிழில் ‘பசையிடல்’ போதும். ஒட்டுவதற்கும் இதற்கும் அதே மெத்தில் செல்லுலோஸ் (நீரில் கரைந்து பசையாகும் பொடி) கரைசல்தானே?

கரைசல் ஒன்றுதான், வேலை வேறு. ஓரிகாமிக்கு வீட்டில் தாள் செய்பவர் அதை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார். மெல்லிய டிஷ்யூ தாள் இரண்டை ஒட்டி ஒரே தாளாக்குவது ஒன்று. ஒற்றைத் தாளின் நாருக்குள் கரைசலை இறக்கி, காய்ந்ததும் அது விறைப்பாக நிற்கும்படி செய்வது மற்றொன்று. செய்முறையில் ‘தாளுக்குப் பசையிடுக’ என்று எழுதினால் எதோடு ஒட்டுவது என்றுதான் படிப்பவர் தேடுவார். முதலாவதை ‘ஈரொட்டு’ என்றும் இரண்டாவதைக் ‘கஞ்சியேற்றம்’ என்றும் பிரிக்கலாம்.

ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) வகுத்த ஈர மடிப்பை நினைத்துப் பாருங்கள். தடித்த தாளை லேசாக ஈரப்படுத்தினால் உள்ளே இருக்கும் கஞ்சி இளகும், தாள் வளையும். காய்ந்ததும் கஞ்சி இறுகி வளைவு அப்படியே நிற்கும். கஞ்சி போட்ட வேட்டிக்குத் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பதும் இதே செயல்தான். பொருத்தமான சொல் கையிலேயே இருக்கும்போது வேறு தேட வேண்டாம்.

———

> பொருத்தமான சொல் கையிலேயே இருக்கும்போது

இரண்டு தடைகள். மெத்தில் செல்லுலோஸ் மாவுப்பொருள் அல்ல. ‘கஞ்சி’ என்றதும் சிலர் அரிசிக் கஞ்சியையே பூசிவிடுவார்கள். அது பூச்சியை இழுக்கும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். காகித ஆலையில் சைசிங் என்றால் முதலில் தாள் நீரை உறிஞ்சாமல் தடுப்பது. கூழிலேயே ரோசினும் (பைன் மரப் பிசின்) படிகாரமும் கலந்தார்கள். படிகாரத்தின் அமிலத்தால் அந்தத் தாள்கள் காலப்போக்கில் பழுத்து நொறுங்கின. பிறகு ஏகேடி (AKD) போன்ற செயற்கைப் பொருள்கள் வந்தன. இவற்றில் எதுவும் விறைப்புக்காகச் சேர்ப்பதல்ல. ஜப்பானில் வாஷி என்னும் மரபுத் தாளுக்கு விலங்குப் பசையும் படிகாரமும் கலந்து பூசும் ‘தோசா’வும் மை பரவாமல் காப்பதற்கே. இதையெல்லாம் ‘கஞ்சியேற்றம்’ என்று எழுத முடியாது.

———

> இதையெல்லாம் ‘கஞ்சியேற்றம்’ என்று எழுத முடியாது.

சரி, எழுத வேண்டாம். ஆலையில் நடப்பதற்கு ‘உறிஞ்சுதடை’ என்று தனிச்சொல் வைப்போம். ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்தால் மடிப்பவருக்குத்தான் நட்டம், ஏனென்றால் ஒன்று மற்றொன்றுக்குக் குறுக்கே நிற்கிறது. தாளின் மூலையில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உடனே ஊறிப் பரவினால் உறிஞ்சுதடை இல்லாத தாள், கஞ்சி நன்றாக ஏறும். சொட்டு முத்தாக நின்றால் கரைசல் மேலேயே படலமாகக் காயும்; மடிக்கும்போது விளிம்பில் வெடித்து உதிரும். இந்த விளக்கத்தை ஒரே ‘சைசிங்’கை வைத்துக்கொண்டு எழுதவே முடியாது.

முதல் தடையைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை. நெசவில் பாவுக்குப் போடும் கஞ்சியில் செயற்கைப் பொருள் சேர்ந்த பிறகும் பெயர் கஞ்சிதான். அது செய்கையின் பெயர். ஆனால் எந்தப் பொருள் என்று செய்முறையில் சொல்லிவிட வேண்டும். என் வரைவு இது:

100 மி.லி. நீருக்கு 2 கிராம் மெத்தில் செல்லுலோஸ். மூன்றில் ஒரு பங்கு நீரை 80 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பொடியைத் தூவிக் கலக்கவும். சூட்டில் அது கரையாது, பிரிந்து மிதக்கும்; மீதியைக் குளிர்ந்த நீராக ஊற்றிக் கலக்கினால் ஆற ஆறக் கெட்டியாகும். நேரே குளிர்ந்த நீரில் கொட்டினால் வெளியே வழுவழுப்பும் உள்ளே உலர்ந்த பொடியுமாகக் கட்டி தட்டும். இரவு முழுக்க மூடிவைத்தால் காற்றுக்குமிழி போய்விடும். கேக் அலங்காரக் கடைகளில் கிடைக்கும் சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) பொடியும் உதவும், அதற்குச் சூடு கட்டாயமில்லை.

ஈரொட்டுக்கு இதே அளவு. கஞ்சியேற்றத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் நீர் விட்டுத் தளர்த்தவும். கெட்டியாகப் பூசினால் பளபளப்புத் திட்டு விழும்.

ஈரொட்டுக்குக் கண்ணாடிப் பலகை நல்லது. முதல் தாளை விரித்து, அகலத் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பூசவும். நனைந்த டிஷ்யூ உடனே கிழியும், அழுத்தக் கூடாது. இரண்டாவது தாளை ஒரு விளிம்பிலிருந்து மெல்ல இறக்கி, மேலேயும் ஒருமுறை பூசவும். இரண்டு தாளின் நாரோட்டமும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். குறுக்கே வைத்தால் ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையில் சுருங்கித் தாள் சுருண்டுகொள்ளும். முழுக்கக் காயாமல் உரித்தாலும் அலையடிக்கும். சதுரம் வெட்டுவது கடைசியில்தான்: நனையும்போது விரியும் தாள், முன்பே வெட்டிய சதுரத்தைச் சதுரமாக வைத்திருக்காது. வண்ணத்தாள் என்றால் ஈர விரலை வெள்ளைத்தாளோடு சேர்த்துத் தேய்த்துச் சாயம் போகிறதா என்று முதலில் பார்க்கவும்.

‘நாரோட்டம்’ என்று எழுதியிருக்கிறேன், அதையும் பார்த்துச் சொல்லுங்கள். தச்சரின் ‘ரேகை’ மரத்தில் கண்ணுக்குத் தெரிவது, தாளில் தெரியாது. ஒரு துண்டை நனைத்தால் எந்த அச்சில் சுருள்கிறதோ அதற்கு இணையாக நார் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

———

உறிஞ்சுதடை, ஈரொட்டு, நாரோட்டம் மூன்றும் எனக்குச் சம்மதம். ‘கஞ்சியேற்றம்’ பெயராக இருக்கட்டும். வினையாக வரும் இடத்தில் ‘தாளுக்குக் கஞ்சி போடவும்’ என்றே எழுதலாம். ஒரு சேர்க்கை: நடுவே சமையலறை அலுமினியத் தகடு வைத்து இருபுறமும் டிஷ்யூ ஒட்டும் தாளை ஈரொட்டில் சேர்க்காதீர்கள். மூன்று அடுக்கு, நீர்க்கரைசல் தகட்டில் பிடிக்காது, தெளிப்புப் பசை வேண்டும். அதற்குத் ‘தகட்டொட்டு’ என்று தனிப்பதிவு போடுகிறேன்.