வாசிகசாலைக் கரும்பலகையில் தினம் மூன்று வரி: எதை எழுதலாம்?

ஒட்டுசுட்டான் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் சனசமூக நிலையத்தில் பத்திரிகை மேசைக்கு நேரே ஒரு கரும்பலகை இருக்கிறது. பின்னேரங்களில் அதில் மூன்று வரி எழுதுவது என் பொறுப்பு: ஒரு சிங்கள வசனம், ஒரு வரலாறு, ஒரு பொது அறிவு. புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற சின்னவர்கள் முதல் சாதாரண தரம் எழுதப்போகிறவர்கள் வரை வந்து சீஆர் கொப்பியில் பதிந்துகொண்டு போகிறார்கள்.

நைல் நதியின் நீளத்தை மூச்சுவிடாமல் சொல்கிற பிள்ளை, இரணைமடு எந்த ஆற்றை மறித்துக் கட்டிய குளம் என்று கேட்டால் முழிக்கிறது. அதுதான் எனக்குக் கவலை. ஊர் வரலாறு எழுதலாம் என்றால் பெரியவர்களுக்குள்ளேயே வாக்குவாதம். ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் நாள் ஆகஸ்ட் 25 என்கிறார் ஒருவர், ஒக்ரோபர் 31 என்கிறார் இன்னொருவர். எதை எழுதுவது? சிங்களத்தை எப்படிக் கொடுத்தால் பிள்ளைகளின் வாயில் நிற்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கிளிநொச்சி வாத்தியார்:

பிள்ளை, இரண்டு திகதியும் சரி. இரண்டும் வேறு வேறு சம்பவம். 1803 ஆகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்த முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தார். அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயரின் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றார். அங்கே நின்ற பழைய நினைவுக்கல்லில் தோற்கடித்ததாகத்தான் பொறித்திருந்தது, கொன்றதாக அல்ல. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கோ. பரீட்சைக்கு மட்டுமில்லை, ஒரு சான்றை எப்படி வாசிப்பது என்றும் அவர்கள் பழக வேண்டும்.

அதை ஒரே நாளில் எழுதி முடித்துவிடாதீர்கள். முதல் நாள் கோட்டை: ஒல்லாந்தரின் கரையோரப் பகுதிகள் 1795இலும் 1796இலும் ஆங்கிலேயர் கைக்குப் போன கதை. அடுத்த நாள் கண்டி: 1803 ஜூனில் அங்கே ஆங்கிலேயப் படை அழிந்துபோனது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் 25, கடைசியாகக் கற்சிலைமடு. முதல் நாள் பதிந்ததை நான்காம் நாளும் தேடிப் பார்க்க வேண்டி வந்தால்தான் மனதில் நிற்கும். தனித்தனித் துணுக்கு கோக்காத மணி மாதிரி, உருண்டு போய்விடும். உங்களுக்குக் கற்சிலைமடு கிட்டத்தானே, பெரிய பிள்ளைகளைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போங்கோ.

பொது அறிவை விடையாக எழுதாமல் கேள்வியாக எழுதுங்கோ. "இரணைமடு வான்கதவு திறந்தால் தண்ணீர் எங்கே போய்ச் சேரும்?" என்று போட்டுவிட்டு விடையை மறுநாள் எழுதுங்கோ. குளம் மறிக்கிற கனகராயன் ஆறு சுண்டிக்குளம் பக்கக் களப்பில் போய் விழுகிறது. இரவு வீட்டில் அப்புவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டுக்கொண்டு வருவார்கள். வயல் செய்தவர்களுக்கு இது பாடமில்லாத பாடம், நன்றாகக் கதைப்பார்கள்.

இன்னொன்று. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி 1984இல். அதற்கு முன்பு கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தது. இடப்பெயர்வில் தொலைத்துவிட்டுப் பிறகு பிரதி எடுத்த பிறப்புச் சான்றிதழ் வீட்டுக்கு வீடு இருக்கும். அப்புவின் சான்றிதழில் எந்த மாவட்டம் என்று பார்த்துவரச் சொல்லுங்கோ. ஆண்டு தானாகப் பதியும்.

வவுனியா கந்தோர்க்காரன்:

நான் சிங்களத்துக்கு மட்டும் சொல்கிறேன். தினம் ஒரு புது வசனம் வேண்டாம். ஒரு வினைச்சொல்லை எடுத்து ஒரு கிழமை வைத்திருங்கோ. பேச்சுச் சிங்களத்தில் ஆளுக்கு ஏற்ப வினை மாறாது: மம யனவா, ஒயா யனவா, எயா யனவா. நமக்குப் போகிறேன், போகிறாய், போகிறார் என்று மூன்று வேண்டும், அங்கே ஒன்றே போதும். வினை கடைசியில் வருவதும் தமிழ் மாதிரித்தான். இதைச் சொன்னாலே பிள்ளைகளுக்குப் பாதிப் பயம் போய்விடும்.

பலகையில் கேள்வியையும் பதிலையும் சோடியாக எழுதுங்கோ. "பஸ் எக கீயட்டத என்னே?" என்று ஒருவர் கேட்க மற்றவர் "தஹயட்ட" என்று சொல்லட்டும். பஸ் எத்தனை மணிக்கு, பத்து மணிக்கு, அவ்வளவுதான். மறுநாள் மணியை மட்டும் மாற்றினால் எண்களும் வந்துவிடும். கந்தோரில் பெரியவர்களை "ஒயா" என்று கூப்பிடக் கூடாது, மாத்தயா அல்லது மிஸ் என்று சொல்ல வேண்டும் என்பதையும் சேருங்கோ. வேலைக்கு வந்த பிறகு இரண்டாம் மொழிப் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். இப்போதே பழகினால் எவ்வளவு நல்லது.

அருவியாற்றங்கரை:

மன்னார்ப் பக்கத்தையும் மறக்காதீர்கள். றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660இல் திருகோணமலைப் பக்கக் கொட்டியாரத்தில் பிடிபட்டு, இரண்டாம் இராசசிங்கனின் கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுக்கு மேல் கைதியாக இருந்தார். 1679இல் ஒரு கூட்டாளியோடு தப்பி, அநுராதபுரத்திலிருந்து மல்வத்து ஓயாக் கரையைப் பிடித்துக் காட்டுக்குள்ளால் நடந்து அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அந்த ஓயாதான் எங்கள் அருவியாறு. வரைபடத்தில் விரல் வைத்து அந்த வழியைக் காட்டுங்கோ, சின்னவர்கள் விடமாட்டார்கள்.

ஒட்டுசுட்டான் பிள்ளை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வாத்தியார் சொன்னபடி நாளைக்குக் கோட்டையில் தொடங்குகிறேன், சிங்களத்துக்கு "யனவா" கிழமை. நொக்ஸ் கதைக்குப் பெரிய இலங்கைப் படம் ஒன்று வேண்டும், நிலையத்தில் இருந்தது கிழிந்துவிட்டது. ஆறுகளும் குளங்களும் தமிழில் குறித்த சுவர்ப்படம் வவுனியாவில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாராவது சொல்வீர்களா?