சரவாங்கியோடு வரும் மனப்பதற்றத்துக்கு மீன் எண்ணெயும் மஞ்சள் மாத்திரையும் உதவுமா?

முக்கூடல் பேச்சி:
சரவாங்கி என்ற முடக்குவாதம் வந்தபின் மூட்டு வலியைவிட இரவில் வரும் பதற்றமே எனக்குப் பெருந்துன்பமாக இருக்கிறது. அதற்காக வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து எடுக்கிறேன். பீடி சுற்றும் விரல்கள் நாளைக்கு மடங்குமா என்ற நினைப்பு தூங்க விடுவதில்லை. அழற்சி கூடும்போது உடலில் பெருகும் சைட்டோகைன்கள் என்ற அழற்சிப் பொருள்கள் மூளையையும் பாதிக்கின்றன. ஹெபடைடிஸ்-சி என்ற கல்லீரல் நோய்க்கு இன்டர்ஃபெரான் (அதுவும் ஒரு சைட்டோகைன்தான்) ஊசி போட்டுக்கொண்ட பலருக்கு மனச்சோர்வு வந்தது இதற்குச் சான்று. அப்படியானால் அழற்சியைத் தணிக்கும் பொருள் பதற்றத்தையும் தணிக்கும் என்று எண்ணுவதில் என்ன தவறு? 2018-ல் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு பதற்றத்தைக் குறைப்பதாகவே எழுதினார்கள். மீன் எண்ணெய் தொடங்கியபின் என் படபடப்பு குறைந்திருக்கிறது. அடுத்து, மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் (மஞ்சளின் சத்து) மாத்திரை வாங்கப்போகிறேன்.

பாளை மருந்தாளுநர்:
பேச்சி அக்கா, அந்தத் தொகுப்பாய்வில் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமாவது ஒமேகா-3 எடுத்தவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. கடையில் கிடைக்கும் 1,000 மில்லிகிராம் மாத்திரைகள் பலவற்றில் உண்மையான ஒமேகா-3 சுமார் 300 மில்லிகிராம்தான். பதற்றம் 20 சதவீதம் குறைந்ததாகப் பலரும் மேற்கோள் காட்டும் 2011 ஆய்வோ நலமாக இருந்த 68 மருத்துவ மாணவர்களிடம் நடந்தது. இருந்தாலும் மீன் எண்ணெயை நான் தடுக்க மாட்டேன். குர்குமின் மாத்திரையைத்தான் எதிர்க்கிறேன், ஏனென்றால் மெத்தோட்ரெக்சேட் ஏற்கெனவே கல்லீரலுக்குச் சுமை தரும் மருந்து.

வள்ளியூர் சித்தப்பிரியன்:
அண்ணாச்சி, மஞ்சளும் மிளகும் போட்ட பாலை நம் வீடுகளில் குழந்தைக்கும் கொடுக்கிறோமே! தலைமுறை தலைமுறையாக உண்டதை நஞ்சு என்பது நியாயமா?

பாளை மருந்தாளுநர்:
பாலையும் குழம்பையும் நான் குறை சொல்லவில்லை, தம்பி. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம்தான்; ஒரு தேக்கரண்டியில் 100 மில்லிகிராம்கூடத் தேறாது, அதிலும் பெரும்பகுதி இரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் (மிளகுச் சத்து) கொடுத்தபோது உடலில் சேரும் அளவு இருபது மடங்கானது. மாத்திரை விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் இந்தக் கணக்குதான் என்னை அஞ்ச வைக்கிறது. அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாகப் பதிவான 10 பேரில் ஒருவர் இறந்தே போனார். எழுவரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. அந்த வகை நம்மிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு யாரும் மாத்திரை வாங்குவதில்லை. போதாக்குறைக்கு, வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் போன்ற வேறு மருந்துகளின் அளவையும் பைப்பரின் இரத்தத்தில் உயர்த்திவிடும்.

முக்கூடல் பேச்சி:
கல்லீரலைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அடுத்த இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவரிடம் கேட்காமல் குர்குமின் வாங்க மாட்டேன். ஆனால், இது வேண்டாம், அது வேண்டாம் என்று சொல்லும் எல்லாரும் பதற்றத்தை நோயின் பகுதியாகவே எண்ணுவதில்லை. மூட்டில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார்கள். இரவில் தூங்கினாயா என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்றவர்கள் மாத்திரைக் கடைகளைத் தேடிப் போகிறோம்.

பாளை மருந்தாளுநர்:
நீங்கள் சொல்வது உண்மை, அதற்கு நான் எதிர்வாதம் செய்யப்போவதில்லை. ஒன்று கேட்கிறேன்: பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறீர்களா? அதை மாலையில் விழுங்கினால் தூக்கம் கெட்டுப் படபடப்பு வரும். காலை உணவுக்குப் பின் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் இதே படபடப்புதான் வரும், அதையும் சோதித்துவிடுங்கள். இரவில் தாங்க முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

முக்கூடல் பேச்சி:
பிரெட்னிசோலோன் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எடுக்கிறேன், அண்ணாச்சி. இதுவரை யாரும் நேரத்தைக் கேட்டதில்லை. நாளைக்கே கேட்டுவிடுகிறேன், மீன் எண்ணெயை மட்டும் நிறுத்தப்போவதில்லை.