கால் வந்தால் நெட் நின்றுவிடுகிறது, 4ஜி போன்தானே?

கரிசல்மண்:
அப்பாவுக்கு 2015-ல் வாங்கிக் கொடுத்த 4ஜி போன். கோவில்பட்டி பக்கம் எங்கள் ஊரில் சிக்னலுக்குக் குறைவில்லை. ஆனால் யாராவது கூப்பிட்டால் 4ஜி குறி மறைந்து ‘இ’ என்று காட்டுகிறது. பேசி முடிக்கும்வரை வாட்ஸ்அப்பில் ஒன்றும் வராது. ரிங் போகவும் நேரமாகிறது. அதே வீடு, அதே கம்பெனி சிம், என் போனில் இந்தத் தொல்லை இல்லை. போன் கெட்டுவிட்டதா?

வைகைக்கரை:
செட்டிங்ஸில் வோல்ட்இ (4ஜியிலேயே கால் பேசும் வசதி) ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் போன் பழசு.

டவர்க்காரர்:
தம்பி, போன் நன்றாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெறும்வரை டவர் வேலை பார்த்தவன், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நம் நாட்டுக்கு 1ஜி வரவே இல்லை. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசிய முதல் காலே 2ஜிதான். அதில் 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையை 8 ஸ்லாட்டாக, அதாவது நேரத் துண்டுகளாகப் பிரிப்போம். பேசத் தொடங்கினால் ஒரு ஸ்லாட் உங்களுக்கே. நீங்கள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் அது உங்களுடையதுதான்.

4ஜியில் பேச்சுக்கான அந்தத் தனி வழியையே எடுத்துவிட்டார்கள். வேகத்தைத்தான் எல்லாரும் பேசுகிறோம், எனக்கு இதுதான் பெரிய மாற்றம். அங்கே எல்லாமே துண்டு துண்டாகப் போகும் டேட்டா பாக்கெட். குரலையும் பாக்கெட்டாக அனுப்புவதுதான் வோல்ட்இ. அந்த வசதி இல்லாத போன், கால் வந்ததும் 3ஜிக்கோ 2ஜிக்கோ கீழே இறங்கித்தான் பேச முடியும். ரிங் தாமதமாவது அதனால்தான். 3ஜி இருந்தவரை யாருக்கும் இது தெரியவில்லை, ஏனென்றால் அதில் பேசிக்கொண்டே நெட்டும் பார்க்கலாம். பிறகு தனியார் நிறுவனங்கள் 3ஜியை மூடி அந்த அலைவரிசையை 4ஜிக்கு எடுத்துக்கொண்டன. இப்போது போன் நேராக 2ஜியில் போய் விழுகிறது, நீங்கள் பார்க்கும் ‘இ’ அந்த 2ஜியின் குறிதான். அங்கே பேசும்போது டேட்டா நின்றுவிடும்.

2010 ஏலத்தில் 3ஜி அலைவரிசைக்குக் கொடுத்த தொகை சுமார் 67,700 கோடி ரூபாய். அந்தப் பெட்டிகளை டவரில் ஏறி மாட்டியவன் நான். அது இத்தனை சீக்கிரம் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

பவானி:
ஐயா, என் மாமியாருக்கு 2ஜி பட்டன் போன் போதுமா? விலை குறைவு.

டவர்க்காரர்:
வேண்டாம்மா. வோல்ட்இ உள்ள பட்டன் போனே கிடைக்கிறது. 2ஜி போனில் ஜியோ சிம் போட்டால் வேலையே செய்யாது, 2016-ல் தொடங்கியபோதே அவர்களிடம் 4ஜி மட்டும்தான். காது மந்தமானவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பழைய முறையில் குரல் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் வரும். இரண்டு பக்கமும் வோல்ட்இ இருந்தால் 7000 வரை போகும். ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் மங்காமல் கேட்கும்.

கரிசல்மண்:
அப்பா போனை மாற்றச் சம்மதிக்க மாட்டார் ஐயா. இப்போதைக்கு வழி உண்டா?

டவர்க்காரர்:
வீட்டில் வைஃபை இருந்தால் போட்டு விடுங்கள். கால் 2ஜியில் போகும், வாட்ஸ்அப் வைஃபையில் வந்துகொண்டிருக்கும். மாற்றும் நாள் வந்தால் 5ஜிதான் வேண்டும் என்று செலவழிக்காதீர்கள். கடையிலேயே அப்பாவின் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள். பேசும்போது 4ஜி குறி அப்படியே இருந்தால் அந்தப் போனை வாங்கலாம்.