போலீஸ் ரிப்போர்ட்டுக்குக் குறிப்பெடுப்பது எப்படி?

கேள்வி: காண்டோவில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) செக்யூரிட்டி வேலை. திருட்டு, கைகலப்பு என்றால் நோட்டில் என்னென்ன எழுதணும்?

பதில் 1: முதலில் நேரம், 24 மணிக் கணக்கில்: இரவு 9.40 என்றால் 2140. அப்புறம் புளோக், மாடி, கார்பார்க் லாட் எண். ஆளை மேலிருந்து கீழாக: முடி, கண்ணாடி, சட்டை, செருப்பு, எந்தப் பக்கம் போனார். "குடித்திருந்தார்" வேண்டாம் அண்ணே, "பீர் வாடை, நடை தள்ளாட்டம்" என்று எழுதுங்க. முடிவுக்கு வருவது போலீஸ் வேலை.

பதில் 2: பிழை வந்தால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் இனிஷியல். தாளைக் கிழித்தால் மொத்தக் குறிப்பின் மேலும் சந்தேகம் வரும். சிசிடிவி கடிகாரம் கைபேசியோடு எத்தனை நிமிஷம் வித்தியாசம்? அதையும் குறிங்க, பலர் விடுவது இதைத்தான். பழைய பதிவு அழியும் முன்னே நகல் எடுக்கச் சொல்லுங்க.

பதில் 3: அவசரம் என்றால் முதலில் போலீஸுக்கு 999 அடிங்க, நோட்டு அப்புறம். சைக்கிள் திருட்டா? பிரேம் எண்ணை (சைக்கிள் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்) உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்க.