பாசிக்குள் துள்ளும் கடுகளவு வண்டு: இனம் கண்டுபிடிக்க உதவி தேவை

யீஷூன்வாசி:
வணக்கம். சிங்கப்பூர் யீஷூனில், எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) தாழ்வாரத்தில் ஒரு பெரணித் தொட்டி இருக்கிறது. மண்மேல் படர்ந்த பாசியை வெள்ளைத் தட்டில் உதறினால், கடுகளவுக்கு உருண்டையாகச் சில பூச்சிகள் விழுகின்றன. தொட்டால் துள்ளி மறைகின்றன. நீளம் 1.5 மில்லிமீட்டர்கூட வராது. கைப்பேசிச் செயலி 'நியோபிலா' என்ற வண்டு என்கிறது. சில கருப்பு, சில பழுப்பு. இரண்டு இனங்களா? மேலிருந்து எடுத்த படங்கள் மட்டுமே உள்ளன.

இலைச்சருகு:
வணக்கம் தம்பி. முதலில் வண்டுதானா என்று பாருங்கள். பாசியில் துள்ளுவது பெரும்பாலும் வால்துள்ளிதான். அதற்கு வயிற்றுக்கு அடியில் கவை போன்ற உறுப்பு இருக்கும். கெட்டியான இறக்கை மூடி கிடையாது. வண்டு என்றால் முதுகின் நடுவே, இரண்டு மூடிகளும் சேரும் நேர்கோடு தெரியும். எட்டுக் கால் இருந்தால் உண்ணி வகை, விட்டுவிடலாம்.

யீஷூன்வாசி:
நடுக்கோடு தெளிவாகத் தெரிகிறது அக்கா. கால்கள் ஆறு.

இலைச்சருகு:
அப்படியானால் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். தெள்ளுப்பூச்சிபோல் துள்ளும் தெள்ளு வண்டுக்குப் பின்தொடை நன்றாகப் பருத்திருக்கும். துள்ளுவதற்கான விசை அதற்குள்தான் இருக்கிறது. சருகிலும் பாசியிலும் லியோடிடே குடும்பத்து உருண்டை வண்டுகளும் கிடைக்கும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கு அந்தத் தொடை இல்லை, துள்ளவும் மாட்டா.

நிறத்தை வைத்து இனம் பிரிக்காதீர்கள். கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த வண்டு வெளிறித்தான் இருக்கும், கருக்கச் சில நாள் ஆகும்.

பெருக்காடி:
நியோபிலாவை ஏற்க வேண்டாம். அது ஐரோப்பியப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி). செயலிகளுக்குத் தெரிந்த பாசி வண்டுப் படங்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவை, அதனால் அதையே சொல்லும். பாசியில் வாழும் தெள்ளு வண்டுகள் பல பேரினங்களில் உண்டு. பலவற்றுக்குப் பறக்கும் இறக்கை இல்லை. தோள்மேடு மறைந்து உடல் குவிந்துவிடுகிறது. அதனால்தான் உறவில் தள்ளி நிற்பவையும் ஒரே சாயலில் இருக்கின்றன.

நம் பக்கத்தில் முதலில் சோதிக்க வேண்டியது கிளாவிகார்னால்டிகா. பூச்சியியலாளர் ஷெரர் 1974இல் இலங்கை வண்டுகளைக் கொண்டு விவரித்த பேரினம் அது. போர்னியோவின் மாலியாவ் படுகையிலிருந்து 2017இல் அதன் புதிய இனத்தையும் விவரித்தார்கள். உணர்கொம்பின் நுனிக் கணுக்கள் தடித்துக் கதாயுதம்போல் இருந்தால் அந்தத் திசையில் போகலாம்.

ஒன்று கேட்க வேண்டும்: பெரணி எங்கே வாங்கியது?

யீஷூன்வாசி:
நர்சரியில் வாங்கினேன் அண்ணா. எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. நுனிக் கணுக்கள் தடித்துத்தான் தெரிகின்றன, பின்தொடையும் பருமன். படம் இணைத்திருக்கிறேன்.

பெருக்காடி:
அருமையான படம்! தெள்ளு வண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேரினம் கிளாவிகார்னால்டிகாவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இனத்தைப் படத்தில் சொல்ல முடியாது. நெருங்கிய இனங்களைப் பிரிக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தையும், பெண்ணின் விந்து சேமிக்கும் பையையும் உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். ஆகவே சிலவற்றை எத்தனாலில் போட்டு வையுங்கள். மரபணுச் சோதனைக்கும் பயன்பட வேண்டுமென்றால் 95 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனால்.

புட்டியின் சீட்டில் தேதியோடு 'யீஷூன், தொட்டிப் பாசி, நர்சரிச் செடி' என்று கட்டாயம் எழுதுங்கள். செடியோடு வெளிநாட்டிலிருந்து வந்த வண்டாகவும் இருக்கலாம். வெறும் 'சிங்கப்பூர்' என்று பதிவானால், அது இங்கேயே வாழும் இனம் என்று பின்னால் வருகிறவர்கள் நம்பிவிடுவார்கள்.

இலைச்சருகு:
ஒப்பிட்டுப் பார்க்க புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியில் பாசி சுரண்டப் போகாதீர்கள் தம்பி. அங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. சீட்டோடு லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பக்கவாட்டுப் படத்தையும் அளவுகோலை வைத்து எடுத்த படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.